ஸ்பெயினில் குடியேறிய வெளிநாட்டவரும் வங்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினுக்கு வேலைக்கு வந்தாலும் படிப்புக்கு வந்தாலும் முதல் மாதத்திலேயே வங்கிப் படியேற வேண்டிவரும். சம்பளம், வாடகை, மின்கட்டணம் எல்லாம் கணக்கு வழியாகத்தான் நடக்கின்றன. அங்கே கேட்கும் "முடியாது"களில் சில சட்டத்திலிருந்து வருபவை. பல, அந்தக் கிளையின் வழக்கத்திலிருந்து வருபவை. இரண்டையும் பிரித்தறிந்துவிட்டால் அலைச்சல் பெருமளவு குறையும்.

வந்த வாரத்திலேயே பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக் கணக்கு தொடங்க முடியுமா?

முடியும். இதற்கென்றே "வசிப்பவர் அல்லாதவர்" கணக்கு என்று ஒரு வகை இருக்கிறது. நீங்கள் ஸ்பெயினில் வசிப்பவராகப் பதிவாகவில்லை என்று காவல்துறையிடமிருந்து ஒரு சான்றிதழைச் சில வங்கிகள் கேட்கும். வேறு சில வங்கிகள் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அதைத் தாமே பெற்றுவிடும். பராமரிப்புக் கட்டணம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். குடியிருப்பு அட்டை கைக்கு வந்ததும் கணக்கை வசிப்பவர் கணக்காக மாற்றும்படி நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். அது தானாக மாறாது. சொல்லாதவரை கூடுதல் கட்டணம் போய்க்கொண்டே இருக்கும்.

என்.ஐ.இ, டி.ஐ.இ என்று இரண்டு சொல்கிறார்களே, எது எதற்கு?

என்.ஐ.இ என்பது வெளிநாட்டவருக்கான அடையாள எண். எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும். பிறகு ஏழு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. ஒருவருக்கு ஒரே எண்தான், அது மாறாது. டி.ஐ.இ என்பது அந்த எண், புகைப்படம், அனுமதியின் காலம் ஆகியவை அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இந்த அட்டை கிடையாது; பச்சை நிறச் சான்றிதழ் தருகிறார்கள்.

எண் மட்டும் அச்சிட்ட வெள்ளைத் தாளை நீட்டினால், "இது மூன்று மாதத்துக்கு மேல் பழையது, காலாவதியாகிவிட்டது" என்று சொல்லும் ஊழியர்கள் உண்டு. அந்தத் தாளில் உங்கள் வசிப்பு நிலையைச் சொல்லும் சான்றுக்குக் காலவரம்பு இருக்கலாம், எண்ணுக்குக் கிடையாது. ஆனால் அந்தத் தாள் அடையாள ஆவணமும் அல்ல என்பதால், கூடவே பாஸ்போர்ட்டைக் காட்டத்தான் வேண்டும். நீண்டகால விசாவில் வந்தவர்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டியுள்ள விசாவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பலருடைய எண் அதிலேயே அச்சாகியிருக்கும்.

அட்டைக்கு விண்ணப்பிக்கக் கட்டணத்தை வங்கியில் கட்டச் சொல்கிறார்கள். வங்கியோ எங்கள் வாடிக்கையாளர்களிடம் மட்டும்தான் வாங்குவோம் என்கிறதே?

"மாதிரிப் படிவம் 790, குறியீடு 012" என்பதுதான் அந்தக் கட்டணப் படிவம். இணையத்தில் நிரப்பி அச்சிட்டால் மூன்று படிகள் வரும்: ஒன்று அரசு அலுவலகத்துக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று வங்கிக்கு. வங்கி முத்திரையோ இயந்திரப் பதிவோ விழுந்த படிதான் காவல்துறை அலுவலகத்தில் செல்லும். அது இல்லாமல் போனால், அரும்பாடுபட்டுக் கிடைத்த முன்பதிவு நேரம் வீணாகும்.

வரி வசூல் விதிமுறைகளின்படி, அரசுக்காகப் பணம் வாங்கும் வங்கியில் கணக்கு உள்ளவரும் இல்லாதவரும் கட்டலாம். ஆகவே "வாடிக்கையாளர் மட்டும்" என்பது சட்டமல்ல. ஆனால் பல கிளைகள் ரொக்கத்தைக் காலையில் சில மணி நேரமே வாங்குகின்றன, அதுவும் குறிப்பிட்ட கிழமைகளில். கதவில் ஒட்டியிருக்கும் நேரப்பட்டியலை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கையில் நேரமில்லாதபோது விதியைச் சொல்லி வாதாடுவதைவிடப் பக்கத்துத் தெரு வங்கிக்குப் போவது விரைவாக முடியும்.

முகவரிக்கு என்ன சான்று காட்டுவது?

நகராட்சியில் குடியிருப்போர் பதிவேட்டில் பெயரைச் சேர்த்ததும் தரும் "எம்பத்ரோனமியென்தோ" தாள்தான் எல்லா இடத்திலும் செல்லும். மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருந்தால் நல்லது. வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயரில் வரும் மின்கட்டண ரசீது ஆகியவற்றையும் பெரும்பாலும் ஏற்பார்கள்.

எனக்குக் குடும்பப்பெயரே இல்லை. படிவமோ இரண்டு குடும்பப்பெயர் கேட்கிறது. என்ன எழுதுவது?

தமிழர்களுக்கு ஸ்பானிய வங்கியில் வரும் தலைவலிகளில் முதலிடம் இதற்குத்தான். ஸ்பானியர் ஒவ்வொருவருக்கும் தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என இரண்டு குடும்பப்பெயர்கள். வங்கியின் கணினிப் படிவம் அதை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடப் பெரும்பாலான படிவங்கள் அனுமதிக்கும். முதல் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக விடாது.

நம்மில் பலருக்கு இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கும். இன்னும் பலருக்கு அப்பாவின் பெயர் அங்கே ஏறியிருக்கும். அப்போது வங்கியில் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் உட்கார்ந்தே இருப்பீர்கள். மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராகக் கணவரின் இயற்பெயர் இருப்பதைப் பார்த்தால் ஊழியருக்குக் குழப்பம் இன்னும் கூடும். ஸ்பெயினில் திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் தங்கள் பெயரை மாற்றுவதில்லை.

கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று ஊழியர் ஒரு புள்ளியையோ கோட்டையோ தட்டிவிடலாம், அல்லது உங்கள் பெயரையே இருமுறை எழுதிவிடலாம். அதற்கு விடாதீர்கள். குடியிருப்பு அட்டையில் காவல்துறை உங்கள் பெயரை எப்படி அச்சிட்டிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே வங்கியிலும் இருக்கட்டும். சமூகப் பாதுகாப்புப் பதிவு, வரித்துறை, அலுவலகச் சம்பளப் பட்டியல் ஆகியவற்றிலும் அதே வடிவம்தான் வேண்டும். பாஸ்போர்ட்டும் அட்டையும் வேறுபட்டால் இரண்டின் நகலையும் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையைப் பார்த்தால் உங்களுக்கு வைப்புத்தொகையைத் திருப்பி அனுப்ப வரும் வீட்டு உரிமையாளரும் தயங்குவார், சம்பளம் போடும் அலுவலகமும் தயங்கும்.

"உங்களுக்குக் கணக்கு தர முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். "குவென்தா தே பாகோ பாசிகா", அதாவது அடிப்படைக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு உத்தரவைப் பின்பற்றி, 2017 நவம்பரில் ஸ்பெயின் பிறப்பித்த அரசாணைச் சட்டம் 19/2017இன்படி, ஒன்றியத்தில் சட்டப்படி வசிக்கும் எவருக்கும் இதைப் பெற உரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாதவர்கள், புகலிடம் கோரியவர்கள், அனுமதி இல்லாவிட்டாலும் நாடு கடத்த முடியாத நிலையில் உள்ளவர்கள் ஆகியோரையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இந்தக் கணக்கில் பணம் போடலாம், எடுக்கலாம், டெபிட் அட்டை உண்டு. ஒன்றியத்துக்குள் யூரோவில் செய்யும் பணப் பரிமாற்றங்களும் தானியங்கிப் பற்றுகளும் (கட்டணங்களைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பது) சேர்த்து ஆண்டுக்கு 120 வரை இதில் அடக்கம். கட்டணம் மாதத்துக்கு 3 யூரோவைத் தாண்டக் கூடாது. பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று காட்ட முடிந்தால் அதுவும் இல்லை. காப்பீடு வாங்கினால்தான் தருவோம் என்று சொல்லவும் முடியாது.

விளம்பரப் பலகையில் இந்தக் கணக்கைப் பார்க்க முடியாது. லாபமில்லாத பொருளை எந்தக் கடைக்காரர் முன்வரிசையில் வைப்பார்? விண்ணப்பத்தைக் கொடுத்து, அதன் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வங்கி பத்து வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில், இலவசமாகத் தர வேண்டும். மறுக்கவும் குறிப்பிட்ட காரணங்களே உண்டு: பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வேண்டிய விவரங்கள் கிடைக்காதது, ஸ்பெயினிலேயே வேறு வங்கியில் இதே வசதியுள்ள கணக்கு ஏற்கெனவே இருப்பது போன்றவை. "எங்கள் கிளையில் வழக்கமில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

"போர் எஸ்கிரிதோ", அதாவது "எழுத்தில்". வேறு ஸ்பானிய மொழி வராவிட்டாலும் வங்கிக்குப் போகும்போது இது வாயில் வரட்டும். வாய்மொழியாக மறுப்பதற்கு ஊழியருக்குச் செலவு ஒன்றுமில்லை. அதையே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால் மேலாளரைக் கேட்கப் போவார். போனவர் பெரும்பாலும் படிவத்தோடுதான் திரும்பி வருவார்.

எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், பணம் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் ஏன் கேட்கிறார்கள்? நான் வெளிநாட்டவர் என்பதாலா?

ஓரளவுக்கு அப்படியும் இருக்கலாம், ஆனால் மூல காரணம் 2010ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம், எண் 10/2010. வாடிக்கையாளர் யார், வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துவைத்து, அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும் என்று அது வங்கியைக் கட்டாயப்படுத்துகிறது. 2015 ஏப்ரல் 30க்குள் எல்லா வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகலும் கணினியில் ஏறியிருக்க வேண்டும் என்று கெடு வந்தபோது, முப்பது ஆண்டுகளாக அதே கிளைக்கு வந்துகொண்டிருந்த ஸ்பானியத் தாத்தா பாட்டிகளும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

ஆக, கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காகிதத்தைக் கொடுத்து முடித்துவிடுங்கள். சம்பளக்காரருக்கு "நோமினா" எனப்படும் சம்பளச் சீட்டும் பணி ஒப்பந்தமும் போதும். மாணவருக்குச் சேர்க்கைக் கடிதமும், படிப்புக்குப் பணம் தருபவரின் விவரமும். சொந்தத் தொழில் செய்பவருக்கு வருமானவரி அறிக்கை. ஊரிலிருந்து பெரிய தொகை வருவதாக இருந்தால், வீடு விற்ற பத்திரமோ வைப்புநிதி முதிர்ந்த ரசீதோ முன்கூட்டியே கிளைக்குப் போய்ச் சேரட்டும். பணம் வந்து நின்ற பிறகு விளக்குவதைவிட வருமுன் விளக்குவது எளிது.

ஒப்பந்தக் கட்டில் இன்னொரு தாளும் இருக்கும். உங்கள் வேலை விவரத்தைச் சமூகப் பாதுகாப்புக் கருவூலத்திடம் வங்கி நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ள நீங்கள் தரும் ஒப்புதல் அது. முறையாக வேலை செய்பவர் அதில் கையெழுத்திட்டால், சம்பளச் சீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது குறையும்.

குடியிருப்பு அட்டையின் தேதி முடிந்துவிட்டது, புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன். கணக்கை முடக்கிவிட்டார்கள்.

அட்டை முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பிலிருந்து, முடிந்த பின் மூன்று மாதம் வரை புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். இந்த இடைவெளிக்குள் விண்ணப்பித்திருந்தால் தீர்ப்பு வரும்வரை பழைய அனுமதி நீடிப்பதாகத்தான் சட்டம் கருதுகிறது. வங்கியின் கணினிக்கு இது தெரியாது. அதற்குத் தெரிந்தது அட்டையில் அச்சிட்ட தேதி மட்டுமே. அந்த நாள் வந்ததும் கதவைச் சாத்திவிடும்.

எனவே கணினி முந்திக்கொள்ளும் முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். விண்ணப்பித்ததற்கான "ரெஸ்குவார்தோ" ரசீது, செல்லத்தக்க பாஸ்போர்ட், பழைய அட்டை மூன்றையும் கிளையில் நேரில் கொடுத்து, கோப்பில் ஏற்றியதற்கு ஒப்புகை வாங்குங்கள். செயலியில் பதிவேற்றினால் இந்த ரசீதை இன்னதென்று அறியாமல் நிராகரிப்பது உண்டு. முடக்கிவிட்டார்கள் என்றால், எந்த ஆவணம் குறைகிறது என்று எழுத்தில் கேளுங்கள். முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் முடக்கியிருந்தால் அதையும் புகாரில் தனியாகக் குறிப்பிடுங்கள். வாடகை நாள் நெருங்குகிறது, பணம் உள்ளே மாட்டிக்கொண்டது என்ற நிலை யாருக்கும் வரலாம். ஒரு மாதச் செலவுக்காவது வேறொரு வங்கியில் பணம் வைத்திருப்பவர் இந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்குவார்.

"எந்த நாட்டில் வரி கட்டுகிறீர்கள்" என்ற படிவத்தில் இந்தியா என்று எழுதலாமா?

ஓர் ஆண்டில் 183 நாட்களுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் பொதுவாக நீங்கள் இங்கேதான் வரிக்குரிய வசிப்பாளர். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தியாவிலும் வரி வசிப்பாளராக இருந்தால் அங்கே கேட்கும் அடையாள எண் உங்கள் பான் எண். இந்த விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்கின்றன. மனம்போனபடி நிரப்ப வேண்டாம். ஸ்பெயினின் வரி வசிப்பாளராகி, வெளிநாட்டில் உள்ள கணக்குகளில் மொத்தம் 50,000 யூரோவுக்கு மேல் இருந்தால் "மாதிரிப் படிவம் 720" என்ற அறிவிப்பும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் முடியும்வரை அதற்குக் காலம். ஊரில் வைப்புநிதி வைத்திருப்பவர்கள் இதற்கு மட்டும் "ஹெஸ்தொரியா" எனப்படும் ஆவண முகவர் அலுவலகத்துக்குச் செலவழிப்பதில் தவறில்லை.

கட்டணமில்லாக் கணக்கு என்றார்கள். இப்போது பணம் பிடிக்கிறார்களே?

பெரும்பாலும் "நிபந்தனை நிறைவேறினால் கட்டணமில்லை" என்பதுதான் முழு வாக்கியம். மாதச் சம்பளம் இங்கே வர வேண்டும், அட்டையை இத்தனை முறை தேய்க்க வேண்டும், வீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வரிசை கட்டும். வேலை மாறி ஒரு மாதச் சம்பளம் தவறினாலும் கட்டணம் விழும். கையெழுத்திடும் முன் கட்டண விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதைத் தருவது அவர்கள் கடமை.

நீங்கள் கேட்ட சேவைக்கும் உண்மையில் செய்த சேவைக்கும் மட்டுமே கட்டணம் என்பது விதி. இருப்பு சில யூரோ குறைந்ததற்கு "நினைவூட்டல்" என்ற பெயரில் முப்பது யூரோவுக்கு மேல் பிடிப்பது நெடுநாள் வழக்கம். தானாகவே விழும் இத்தகைய கட்டணத்தை ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபரில் செல்லாது என்றது. பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

இணைய வங்கியில் வெளிநாட்டுக் கணக்கு எண் வைத்திருக்கிறேன். மின்வாரியம் ஏற்க மறுக்கிறது.

ஸ்பானியக் கணக்கு எண் "இ.எஸ்" என்று தொடங்கி மொத்தம் 24 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். ஜெர்மனியிலோ லிதுவேனியாவிலோ உள்ள எண் என்பதற்காக மறுப்பதை ஐரோப்பிய ஒன்றிய விதி 260/2012 தடை செய்கிறது. சட்டம் உங்கள் பக்கம். ஆனால் புகார் முடிவதற்குள் மின் இணைப்பு அவசரமாக வேண்டுமென்றால், உள்ளூர் எண் தரும் இணைய வங்கியைப் பாருங்கள். என்26, ரெவொலூட் போன்றவை இப்போது ஸ்பானிய எண்ணே தருகின்றன.

"பிஸும்" எனப்படும் கைப்பேசிப் பணச் சேவை இல்லாமல் வாழ முடியாதா?

முடியும், ஆனால் நண்பர்களோடு சாப்பிடப் போனால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் சில்லறை தேடுவீர்கள். ஸ்பானிய வங்கிகள் சேர்ந்து 2016இல் தொடங்கிய கைப்பேசிப் பரிமாற்றம் இது. எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் நொடிகளில் போகும். இதில் சேர்ந்துள்ள வங்கியில் கணக்கும், பெரும்பாலும் உள்ளூர்க் கைப்பேசி எண்ணும் வேண்டும்.

மனைவியையும் கணக்கில் சேர்க்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

அவர் இணை உரிமையாளரா, வெறும் "அனுமதி பெற்றவரா" என்பதைக் கவனியுங்கள். அனுமதி பெற்றவர் பணம் எடுக்கலாம். பணம் அவருடையதல்ல, உரிமையாளர் இறந்தால் அந்த அனுமதியும் அன்றோடு முடியும். இணை உரிமையிலும் எவரேனும் ஒருவர் கையெழுத்தே போதும் என்பது ஒரு வகை, இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்பது இன்னொரு வகை. குடும்பத்துக்கு முதல் வகை வசதி.

எந்த நேரத்தில் போவது?

காலையில். பெரும்பாலான கிளைகள் எட்டரை மணிக்குத் திறந்து மதியம் இரண்டு மணியளவில் மூடிவிடும். ரொக்க முகப்பை இன்னும் முன்பே மூடுவதும் உண்டு. இந்த விஷயத்தில் வெளிநாட்டவர், உள்ளூர்க்காரர் என்ற பேதமில்லை. வலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான், தம் 78ஆம் வயதில், "நான் முதியவன், முட்டாள் அல்ல" என்ற முழக்கத்தோடு 2022இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். அதன் பிறகுதான் முதியோருக்காகக் காலை ஒன்பது முதல் இரண்டு வரை நேரடிச் சேவை தருவதாக வங்கிகள் ஒப்புக்கொண்டன. ஆகஸ்டிலும், இரண்டு விடுமுறைகளுக்கு இடையே ஒரு வேலை நாள் மாட்டிக்கொள்ளும் வாரங்களிலும் முக்கியமான வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

புகார் எப்படிக் கொடுப்பது?

கிளை மேலாளரிடம் குரலை உயர்த்துவது புகார் ஆகாது. ஒவ்வொரு வங்கிக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு ஒன்று சட்டப்படி உண்டு. அதன் முகவரி வங்கியின் இணையதளத்தில் இருக்கும். நடந்ததைத் தேதி வாரியாக ஒரு பக்கத்துக்குள் எழுதி, என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் தெளிவாகச் சொல்லுங்கள். பணப் பரிமாற்றம், அட்டை போன்றவை பற்றியது என்றால் 15 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். மற்றவற்றில் தனிநபருக்கு ஒரு மாதம்.

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ மத்திய வங்கியான பாங்கோ தே எஸ்பான்யாவுக்கு எழுதலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் முதல் படியைத் தாண்டாமல் நேரே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது தரும் அறிக்கை வங்கியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தும் கண்காணிப்பு அமைப்பின் கோப்பில் பெயர் ஏறுவதை வங்கிகள் விரும்புவதில்லை. சிறிய தொகை என்றால், புகார் பதிவானதுமே கணக்கில் திரும்ப வந்துவிடுவது உண்டு.

நாட்டை விட்டுப் போகிறேன். கணக்கை மூடிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். வீட்டு உரிமையாளரிடம் உள்ள முன்பணம், கடைசி மின்கட்டணம், அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும் வருமானவரித் தாக்கலில் திரும்ப வரக்கூடிய வரித்தொகை எல்லாம் இந்தக் கணக்குக்குத்தான் வரும். அதுவரை வசிப்பவர் அல்லாதவர் கணக்காக மாற்றி வைத்துக்கொள்ளலாம். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூடும்போது செயலியை நீக்கிவிட்டுப் போனால் கணக்கு மூடியதாகாது. இருப்பு பூஜ்யமாகி, பராமரிப்புக் கட்டணம் கடனாக ஏறத் தொடங்கும். மூடும்படி எழுத்தில் கேட்டால் 24 மணி நேரத்துக்குள் வங்கி அதைச் செய்ய வேண்டும். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மேல் நடந்திருந்தால் அதற்குக் கட்டணமும் கிடையாது. அட்டைகளை ரத்து செய்தார்களா என்று பார்த்து, கணக்கு முடிந்ததற்கான சான்றிதழை வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள்.